குத்தி எழுந்த பந்தை அடித்தால் செல்லாது: ஸ்லோ பிட்ச் ஆடுகிறவர்கள் உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

நியூ ஜெர்சியில் அலுவலக ஸ்லோ பிட்ச் அணியில் (பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பாலில், பந்தை மெதுவாக மேலே தூக்கி வளைவாக வீசுகிற வகை) சேர்ந்து எனக்கு இது மூன்றாவது கோடை. போன வியாழக்கிழமை நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். ஏழாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால் இருக்கிறோம், இரண்டு பேர் அவுட், மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் நிற்கிறார். எனக்கு இரண்டு பால் (ஒழுங்காக வராத, நான் அடிக்காமல் விட்ட பந்து), இரண்டு ஸ்ட்ரைக் (அடிக்க வேண்டியதைத் தவறவிட்டது, மூன்று ஆனால் அவுட்). பிட்சர் கையைக் கொஞ்சம் சுருக்கிவிட்டார் போல, மேலே போன பந்து, அடிக்கிறவர் பக்கத்தில் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே மண்ணில் தொப்பென்று விழுந்து, முழங்கால் உயரத்துக்கு எழும்பி வந்தது. டென்னிஸ் பந்தில் தெருவில் ஆடி வளர்ந்த கை, குத்தி வருகிற பந்தைப் பார்த்ததும் மட்டை தானாகப் போய்விட்டது. மூன்றாவது பேஸ்காரர் தலைக்கு மேலே போய்ப் புல்லில் விழுந்தது, நான் முதல் பேஸைத் தொட்டேன், எங்கள் ஆள் ஹோம் பிளேட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் அம்பயர் இரண்டு கையையும் தூக்கி 'டெட் பால்' என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

பந்து தரையைத் தொட்ட அந்த நொடியே செத்துவிட்டது, அதற்கப்புறம் அடித்தது எதுவும் கணக்கில் வராது, அது ஒரு பால் மட்டும்தான் என்றார். எங்கள் ஆள் மறுபடி மூன்றாவது பேஸுக்குப் போனார், என் கணக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆனது. அடுத்த பந்தைத் தூக்கி அடித்தேன், லெஃப்ட் ஃபீல்டில் பிடித்துவிட்டார்கள், மூன்றாவது அவுட். தோற்றோம். அம்பயர் செய்தது முழுக்கச் சரி என்று வீட்டுக்கு வந்து விதியைப் படித்தபோதுதான் தெரிந்தது. ஆனால் மூன்று கோடையாக ஆடுகிறேன், இதை ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். கிரிக்கெட்டில் பந்து குத்தி வருவதுதானே இயல்பு, நம் ஆட்களுக்கு இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டாமா? உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

டல்லாஸிலிருந்து

அண்ணா, எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். பந்து உயரமாக வந்தது, நான் அவசரப்பட்டு முன்னாலேயே வீசிவிட்டேன், மட்டைக்கு அடியில் புகுந்து பிளேட்டின் ரப்பர் மேல் விழுந்தது. பிளேட்டைத் தொட்டால் பால் என்று அதற்கு முந்தின வாரம்தான் கற்றுக்கொண்டிருந்தேன், அதே நினைப்பில் நின்றேன். அம்பயர் அம்மா ஸ்ட்ரைக் என்றார். மூன்றாவது ஸ்ட்ரைக் அது. பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே வீசித் தவறவிட்டால் ஸ்ட்ரைக், தொட்ட பிறகு வீசினால் வீசியதற்கே கணக்கில்லை என்று ஆட்டம் முடிந்ததும் பொறுமையாக விளக்கினார். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு பந்துக்கு இரண்டு தீர்ப்பு வருவது இப்படித்தான்.

சிகாகோ பக்கத்திலிருந்து, அம்பயர்

வார இறுதிகளில் ஸ்லோ பிட்ச் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதிப்படி, 50 அடி தூரத்திலிருந்து வீசுகிற பந்து தரையிலிருந்து குறைந்தது 6 அடி உயர வேண்டும், 10 அடியைத் தாண்டக் கூடாது. அந்த வளைவில் இறங்கி வருகிற பந்தைக் கணித்து அடிப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். குத்தி எழுந்த பந்தில் அந்த வளைவே போய்விடுகிறது, அதனால் எனக்கு இந்த விதி நியாயமாகவே படுகிறது.

இதையும் இல்லீகல் பிட்சையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பந்து வளைவு குறைந்தோ கூடியோ வந்தால் காற்றில் இருக்கும்போதே 'இல்லீகல்' என்று குரல் கொடுப்போம், ஆனால் பேட்ஸ்மேன் விரும்பினால் அதை அடிக்கலாம், அடித்தால் அந்த அடி செல்லும். குத்திய பந்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

கஷ்டமான இடம் எது தெரியுமா, மட்டையும் மண்ணும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்போதுதான். அப்போது கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன், மண் சத்தம் முதலில் கேட்டதா, மட்டைச் சத்தம் முதலில் கேட்டதா. முடிவு எடுத்ததும் மைதானத்துக்கே கேட்கிற மாதிரி கத்திவிட வேண்டும், ஏனென்றால் செத்த பந்துக்காக ஓடி வந்த ரன்னரும் பிடிக்க ஓடிய ஃபீல்டரும் முட்டிக்கொண்டதை ஒருமுறை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பி இரண்டு வாரம் தோளைத் தூக்க முடியாமல் இருந்தார். அன்று நான் குரல் கொடுத்தது போதவில்லை, அது இன்றுவரை உறுத்துகிறது.

பிளேட்டுக்குப் பின்னால் பாய் விரித்து ஆடுகிற லீகுகளும் உண்டு, அங்கே அடிக்காமல் விட்ட பந்து பாயில் விழுந்தால் ஸ்ட்ரைக் என்பார்கள். உங்கள் லீகின் விதியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சான் ஹோசேயிலிருந்து

என் மகள் பள்ளியில் ஃபாஸ்ட் பிட்ச் (பந்தை வேகமாக வீசுகிற சாஃப்ட்பால்) ஆடுகிறாள், அவள் ஆட்டத்தில் இது தலைகீழ். அங்கே குத்தி வந்த பந்தை அடிக்கலாம், அது அவள் மேல் பட்டாலும் முதல் பேஸ் கிடைக்கும். ஸ்லோ பிட்சில் மேலே பட்டால் பேஸ் கிடையாது. பேஸ்பாலிலும் அடிக்கலாம். 2009 ஆகஸ்டில் ஏஞ்சல்ஸ் அணிக்கு ஆடிய விளாடிமிர் குரேரோ, பால்டிமோர் ஓரியோல்ஸ் பிட்சர் போட்ட பந்து தரையில் பட்டு எழுந்ததை அடித்து முதல் பேஸுக்கே போய்விட்டார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஸ்லோ பிட்சிலும் அதையே செய்கிறார்கள், எங்கள் அணியிலேயே இரண்டு பேர்.

மீண்டும் நான், நியூ ஜெர்சி

எல்லோருக்கும் நன்றி. மட்டைச் சத்தம், மண் சத்தம் என்று சார் எழுதியதை அணிக் குழுவில் அப்படியே போட்டுவிட்டேன். நேற்றுப் பயிற்சியில் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருக்கிற தம்பியை நிறுத்தி வைத்து, வேண்டுமென்றே குட்டையாக இருபது பந்து போட்டேன். முதல் பத்தில் ஆறை அடித்துவிட்டார், அடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஐயோ என்று நாக்கைக் கடித்தார். அப்புறம் மட்டையைத் தோளிலேயே வைத்து, பந்து மண்ணில் விழும் வரை கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னேன். கடைசி ஐந்தில் ஒன்றுக்குக்கூட மட்டையை அசைக்கவில்லை. வியாழக்கிழமை அவர்தான் எங்களுக்கு முதல் பேட்டர்.