அசமபக்கமா, மூவேறுபக்கமா?

வணக்கம்.

மூன்று பக்கமும் வெவ்வேறு அளவுள்ள முக்கோணத்துக்கு எந்தத் தமிழ்ச் சொல் சரி? ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் இந்த யோசனையைக் கிளப்பியது. கரும்பலகையில் 5, 5, 8 செ.மீ. பக்கங்களோடு ஒரு முக்கோணம் வரைந்திருந்தேன். "மிஸ், இது சமபக்கம் இல்லையே, அப்போ அசமபக்கம்தானே?" என்றாள்.

தப்பு அவளிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது. அசமபக்கம் என்பதைப் பிரித்தால் 'சமபக்கம் அல்லாதது' என்றுதான் வரும். அப்படிப் பார்த்தால் இருசமபக்க முக்கோணமும் அதற்குள் அடங்கிவிடும். நாம் சொல்ல நினைப்பதோ மூன்று பக்கமும் மூன்று அளவு என்பதை.

கிரேக்கத்தில் இதற்கு 'ஸ்காலினோஸ்', அதாவது ஏறுமாறானது. இந்தியில் 'விஷமபாஹு'. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பிள்ளைகள் அதைச் சேட்டைக்கார முக்கோணம் என்றே எடுத்துக்கொள்வார்கள்!

'வேறுபக்கம்' என்று முதலில் யோசித்தேன். ஆனால் அது 'இந்தப் பக்கம் இல்லை, வேறு பக்கம் போ' என்பது போல ஒலிக்கிறது. 'ஒவ்வாப்பக்கம்' நல்ல தமிழ்தான், ஆனால் ஒவ்வாமை என்றாலே இப்போது எல்லாருக்கும் தும்மலும் தடிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. கடைசியில் மூவேறுபக்க முக்கோணம் என்பதில் வந்து நின்றேன். மூவேறு கருத்து, மூவேறு வழி என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இருசமபக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் பொருந்துகிறது: அங்கே இரண்டு சமம், இங்கே மூன்றும் வேறு. சரிதானா?

*

வணக்கம் அம்மா.

சொல் பிடித்திருக்கிறது, ஆனால் நீளம். கோணத்தின் பெயரும் சேர்ந்து 'மூவேறுபக்க விரிகோண முக்கோணம்' என்று வந்தால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். இலங்கையில் நாங்கள் முக்கோணி என்போம், கொஞ்சம் மிச்சப்படும். 90 பாகைக்குக் குறைவான கோணத்தை, அதாவது உங்கள் குறுங்கோணத்தை, நாங்கள் கூர்ங்கோணம் என்கிறோம். முனை கூராக இருப்பது கண்ணுக்கே தெரியுமே!

இன்னொன்று. சொல்லை இவ்வளவு கறாராகப் பிரித்துப் பார்த்தால், சமபக்க முக்கோணியிலும் இரண்டு பக்கங்கள் சமம்தானே? அதுவும் இருசமபக்கமா?

*

ஐயா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் வரையறையில் 'இரண்டு மட்டும் சமம்' என்று கதவைச் சாத்திவிட்டார். இன்றைய கணிதத்தில் பெரும்பாலும் 'குறைந்தது இரண்டு' என்றே கொள்கிறார்கள். அதில் வசதி உண்டு. சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம் என்று ஒருமுறை நிறுவிவிட்டால் சமபக்கத்துக்கும் அது தானாகவே வந்துவிடும். தமிழ்ச் சொல்லில் 'மட்டும்' என்பது இல்லாததால் நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இதனால் என் கட்சிக்கும் பலம்தான்: 'அ' போட்டே ஆகவேண்டும் என்றால் அதை இருசமத்துக்கு முன்னால்தான் போடவேண்டும். 'அஇருசமபக்கம்' என்று யார் எழுதுவது?

நீளம் பற்றி: பக்கத்தில் மூன்று வகை, கோணத்தில் மூன்று வகை, பெருக்கினால் ஒன்பது. ஆனால் சமபக்கத்தில் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பதால் அதில் செங்கோணமும் விரிகோணமும் வரவே முடியாது. மிச்சம் ஏழுதான். அந்த ஏழில் இரண்டு ஜியோமெட்ரி பாக்ஸிலேயே கிடக்கின்றன. 45-45-90 மூலைமட்டம் இருசமபக்கச் செங்கோணம், 30-60-90 மூலைமட்டம் மூவேறுபக்கச் செங்கோணம். அஸ்திவாரம் போடும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் 3, 4, 5 அடி அளந்து பார்ப்பாரே, அதுவும் இந்த இரண்டாவது வகைதான். 2, 3, 4 எடுத்தால் பெரிய பக்கத்தின் வர்க்கமான 16, மற்ற இரண்டின் வர்க்கங்களைக் கூட்டிய 4+9-ஐ விடப் பெரியது, அதனால் ஒரு கோணம் 90 பாகையைத் தாண்டும், விரிகோணம். உங்களுக்கு மூச்சு வாங்கிய பெயர் அதற்குத்தான். முழுப்பெயரை வரையறையில் ஒரு தடவை எழுதினால் போதும், அப்புறம் மூவேறுபக்கம் என்றாலே புரிந்துவிடும்.

கூர்ங்கோணத்தை மறுக்க எனக்கு வாதம் கிடைக்கவில்லை. குறுங்கோணம் என்றால் கோட்டைக் குட்டையாக வரைந்துவிட்டு அதுதான் குறுங்கோணம் என்று காட்டும் பிள்ளைகள் என் வகுப்பிலும் உண்டு.