ஒப் அம்ப் (சின்ன சிக்னல பெருக்குற ஐசி) வேகமாவும் ஓடணும், பேட்டரியும் நிக்கணும், அலறவும் கூடாது: உங்க அனுபவத்த சொல்லுங்க

பண்டாரவளை_ஒயர்:
2014ல பதுளை பக்கம் மீரியபெத்தை தோட்டத்துல மலை சரிஞ்சதுக்கு அப்புறம் எங்க பக்கம் மழை விடாம பேஞ்சா யாருக்கும் தூக்கம் வராது, அதனால லயத்துக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) மேல இருக்க சரிவுல நாங்களே செஞ்ச ஜியோபோன் (தரை அதிர்வ சிக்னலா மாத்துறது) பொட்டி ஒண்ணு வச்சிருக்கோம். 4.5 ஹேர்ட்ஸ் ஜியோபோன், சின்ன சோலார், லித்தியம் பேட்டரி. மூட்டம் போட்டா நாள்கணக்கா சோலார்ல ஒண்ணும் வராது, அதுக்காகவே எம்சிபி6041 ஒப் அம்ப் போட்டது, 600 நானோ அம்பியர்தான் எடுக்கும். கெயின் (பெருக்குற மடங்கு) ஆயிரம். டெஸ்ட்டுக்கு தம்பி அலவாங்க (கடப்பாரைய) தூக்கி தரையில ஒரு குத்து குத்துனான், அதிர்வு என் கால்ல சுருக்குன்னு ஏறுச்சு, லெப்டொப்ல பாத்தா கூரா வரவேண்டிய அலை ஊறுன கடலை மாதிரி உப்பிப்போயி மெதுவா எழும்பி மெதுவா படுக்குது. அந்த அலை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஏன்னா கெயின் கூடுற அளவுக்கு ஐசியோட வேகம் கொறையும், அதோட 14 கிலோஹேர்ட்ஸ ஆயிரத்தால வகுத்தா மிஞ்சுறது 14 ஹேர்ட்ஸ்தான். எம்சிபி6001 போட்டா 1 மெகாஹேர்ட்ஸ் கெடைக்கும், ஆனா 100 மைக்ரோ அம்பியர், மூட்ட நாள்ல அது கட்டுப்படியாகாது. கடைசில அதே 6041 ரெண்ட வரிசையா வச்சு ஒவ்வொண்ணுக்கும் 32 மடங்கு குடுத்தோம், தனித்தனியா 440 ஹேர்ட்ஸ் கிட்ட, சேந்தா 280, கரண்ட் மொத்தமே 1.2 மைக்ரோ அம்பியர். நடுவுல ஒரு கப்பாசிட்டர் இருக்கதால மொத ஐசியோட ஆஃப்செட்டும் (சிக்னல் இல்லாமலே வர்ற சின்ன வோல்டேஜும்) பெருகி வரல. வேற யாராச்சும் இப்பிடி கரண்ட கூட்டாம வேகத்த கூட்டுனீங்களா?

ஹட்டன்_சோல்டர்:
டீ ஃபேக்டரில பழைய கலர் சோர்ட்டர் (தூள்ல இருக்க காம்ப நெறத்த வச்சு கண்டுபுடிச்சு காத்தால தள்ளுற மெஷின்) பாத்தவங்களுக்கு இது புரியும். போட்டோடயோட் (வெளிச்சத்த கரண்டா மாத்துறது) போர்ட் ஒண்ணு எரிஞ்சு போச்சு, வெளியில குடுத்து புதுசு செஞ்சு வாங்குனாங்க. ராத்திரி ஷிஃப்ட், சுவிட்ச போட்டாச்சு, மேல தூளே விழல, ஒரு காம்பு கூட இல்ல, ஆனா காத்து வால்வு தடதடதடன்னு தானா அடிக்குது. எல்லாரும் ரெண்டடி பின்னால போயிட்டாங்க. ஸ்கோப்ப வச்சா ஒப் அம்ப் சும்மா இருந்துகிட்டே தானா அலை போட்டு அலறுது. பழைய போர்ட்ல ஃபீட்பேக் ரெசிஸ்டர் (அவுட்புட்ட இன்புட்டுக்கு திருப்பி விடுறது) மேல இருந்த குட்டி கப்பாசிட்டர் புதுசுல இல்ல, அது வேகத்த கொறைக்கும்னு எடுத்துட்டாங்களாம். ரெண்டு பைக்கோஃபராட் திரும்ப வச்சதும் வால்வு கப்சிப். டயோடோட கப்பாசிட்டன்சும் பெரிய ஃபீட்பேக் ரெசிஸ்டரும் சேந்து ஃபேஸ (திருப்பி விடுற அலை வந்துசேர்ற நேரத்த) தள்ளிவிட்டுடும், அதுக்கு மருந்து அந்த கப்பாசிட்டர்தான், அத ஒருநாளும் கழட்டாதீங்க.

பேராதனை_தம்பி:
பண்டாரவளை அண்ணா, எம்சிபி6141 பாருங்க, அதே 600 நானோ அம்பியர்ல 100 கிலோஹேர்ட்ஸ். ஒரே நிபந்தனை, கெயின் 10க்கு கொறையக்கூடாது. உள்ள இருக்க காம்பன்சேஷன (அலறாம இருக்க வேகத்த அடக்குற ஏற்பாட்ட) கொறைச்சு செஞ்சது. ஓபி27, ஓபி37 கதையும் இதேதான், 8 மெகாஹேர்ட்ஸ் 63 ஆகுது, ஸ்லூ ரேட் (மைக்ரோ செகண்டுக்கு அவுட்புட் எத்தன வோல்ட் மாறும்ங்கிறது) 2.8ல இருந்து 17க்கு போகுது, சப்ளை கரண்ட் மாறாது, கெயின் மட்டும் 5க்கு மேல இருக்கணும்.
ஆனா ஹட்டன் அண்ணே சொன்னத எல்லா எடத்துக்கும் எடுக்கக்கூடாது. கம்பஸ் லேப்ல ஓபி37 போட்ட போர்ட் ஒண்ணு வந்துச்சு, இரைச்சல கொறைக்கன்னு ஃபீட்பேக் மேல 100 பைக்கோஃபராட் வச்சிருந்தாங்க. ஸ்கோப்ல கோடா இருக்கவேண்டியது தடிச்சு பட்டையா நிக்குது, வெரல கிட்ட கொண்டுபோனா பட்டை அகலுது, எடுத்தா சுருங்குது. உயர் அதிர்வெண்ல கப்பாசிட்டர் ஃபீட்பேக்க முழுசா திருப்பி விட்டதால கெயின் ஒண்ணுக்கு எறங்கிடுச்சு, அந்த ஐசி அதுக்கு செஞ்சதே இல்ல.

ஹட்டன்_சோல்டர்:
தம்பி, நீங்க சொல்றது நொன் இன்வெர்ட்டிங்ல (சிக்னல பிளஸ் இன்புட்ல குடுக்குற முறைல) சரி. போட்டோடயோட்ல இன்புட்லயே அம்பது அறுபது பைக்கோ இருக்கு, ஃபீட்பேக்ல ரெண்டு, அப்ப உயர் அதிர்வெண்ல நொய்ஸ் கெயின் (ஃபீட்பேக் சுத்துல ஐசி பாக்குற கெயின்) இருபத்தஞ்சுக்கு மேலயே நிக்கும், ஒண்ணுக்கு எறங்காது. காம்பன்சேஷன் கொறைஞ்ச ஐசி கூட அங்க தாங்கும்.

தலவாக்கலை_மைக்செட்:
எனக்கு கோயில் திருவிழா மைக்செட் வேல. பழைய மிக்ஸர்ல 741, பாட்டு சத்தமா போறப்போ ‘ஸ’ வர்ற எடமெல்லாம் கீறும், டிஎல்071 மாத்துனேன், கீறல் போச்சு. அவ்ளோதான் கதை.
ஆனா புதுசா செய்றவங்க ஒண்ண தெரிஞ்சுக்கணும். 741 எடுக்குறது 1.7 மில்லி அம்பியர், ஸ்லூ ரேட் மைக்ரோ செகண்டுக்கு 0.5 வோல்ட். 10 வோல்ட் பீக்குக்கு சிதையாம 8 கிலோஹேர்ட்ஸ் வரைக்குந்தான் வரும். டிஎல்071 எடுக்குறது 1.4, ஸ்லூ 13. கரண்ட் கொறஞ்சு வேகம் கூடியிருக்கு, எப்பிடி? உள்ள 30 பைக்கோ கப்பாசிட்டர நிரப்புறது இன்புட் ஸ்டேஜோட கரண்ட், 741ல அது மைக்ரோ அம்பியர் கணக்கு. அந்த கரண்ட அப்பிடியே கூட்டுனா 741ல இருக்க மாதிரி பைபோலார் (சாதா ட்ரான்சிஸ்டர்) இன்புட்ல ஜிஎம்மும் (இன்புட் வோல்டேஜ் மாறுனா எவ்ளோ கரண்ட் மாறும்ங்கிறது) சேந்து ஏறும், ஸ்டேபிலிட்டி போயிடும். டிஎல்071 இன்புட்ல இருக்க ஜேஃபெட் ட்ரான்சிஸ்டருக்கு ஒரே கரண்ட்டுக்கு ஜிஎம் கொறைவு, அதனால இன்புட்டுக்கு தாராளமா கரண்ட் குடுக்கலாம், கப்பாசிட்டர் சட்டுன்னு நிரம்பும், ஃபேஸ் கெடாது. மொத்த கரண்ட பாத்து ஐசி வாங்காதீங்க, அத உள்ள எங்க செலவழிக்குதுன்னு பாருங்க. அப்புறம் நீள ஒயர் ஓட்டுறவங்க, அவுட்புட்ல ஒரு 47 ஓம் வச்சுட்டு ஒயர கட்டுங்க, ஒயரோட கப்பாசிட்டன்ஸ் நேரா ஐசி தலையில ஏறக்கூடாது.

மஸ்கெலியா_சோலார்:
பண்டாரவளை, எதுக்கு இவ்ளோ கஷ்டம், வேகமான ஐசிய போட்டு பத்து செகண்டுக்கு ஒருக்கா எழுப்பி பாத்துட்டு தூங்க வச்சிடுங்க.

பண்டாரவளை_ஒயர்:
மழைமானிக்கு அது சரி அண்ணே, மண்ணு அசையிறது சொல்லிட்டு வராது. நாங்க தூங்க வச்சிருக்க ஒம்பது செகண்டுல வந்துட்டா என்ன பண்றது? ஒப் அம்ப் முழிச்சே இருக்கணும், அது தட்டுனா கொன்ட்ரோலர் எழும்பட்டும்.
தம்பி சொன்ன 6141ல கெயின் ஆயிரத்த ஒரே ஐசில எடுத்தா 100 ஹேர்ட்ஸ்தான், அதனால ரெண்டு வைப்பேன், 32, 32ஆ, 2 கிலோஹேர்ட்ஸ் கிட்ட வரும், கரண்ட் அதே 1.2. ஃபில்டர் கப்பாசிட்டர ஃபீட்பேக்ல வைக்காம ரெண்டுக்கும் நடுவுல வைக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு, கரண்ட் மிச்சம் புடிக்க ரெசிஸ்டர் எல்லாம் மெகாஓம்ல போட்டிருக்கேன், மூட்டத்துல போர்ட் ஈரமானா லீக் ஆகாதா?

பேராதனை_தம்பி:
ஆகும் அண்ணா. போர்ட்ட ஸ்பிரிட்ல நல்லா கழுவி காயவச்சு வார்னிஷ் அடிங்க. இன்புட் ட்ராக்க கட்டையா வைங்க, ஒரு மெகாஓமுக்கு 5 பைக்கோ ஒட்டிகிட்டாலே 32 கிலோஹேர்ட்ஸ்ல ஃபேஸ் திரும்ப ஆரம்பிச்சிடும். முடிஞ்சா ஃபீட்பேக் ரெசிஸ்டர 100 கிலோஓமுக்கு எறக்குங்க, சிக்னல் மில்லி வோல்ட்தானே, கரண்ட் பெருசா ஏறாது.