காட்டு யானைப் படம்: எங்கே வெட்டுவது, எங்கே இடம் விடுவது?

புல்நுனி:
வணக்கம். புல்வெளியைக் கடக்கும் தாய் யானை, பக்கத்தில் குட்டி. தூரம் சுமார் 60 மீட்டர். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமரா, 100–400 மி.மீ. லென்ஸ். 400 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸ் திறப்பு), ஷட்டர் 1/320 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 800. திறந்த வண்டியில் நின்றபடி எடுத்தது. கண்ணில் ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறது, ஆனாலும் படம் நிற்கவில்லை.

எனக்குத் தெரிகிற குறைகள்: தாயின் முன்பாதம் கீழ் விளிம்பில் அறுபடுகிறது. வால் நுனி வெளியே போய்விட்டது. பின்னால் வரும் யானையின் கால், தாயின் வயிற்றுக்கடியில் ஐந்தாவது கால்போலத் தெரிகிறது. தலைக்கு மேல் ஒரு மரம் முளைத்ததுபோல் நிற்கிறது. தொடுவானக் கோடு சரியாகக் கண் வழியே ஓடுகிறது.

இதை க்ராப் செய்து (ஓரங்களை வெட்டி) காப்பாற்ற முடியுமா? அடுத்த முறை களத்திலேயே எதை மாற்ற வேண்டும்?

தூரப்பார்வை:
முதல்ல லென்ஸ். பறவை எடுத்துப் பழகின கை, எதைப் பார்த்தாலும் 400-க்குத்தான் போகும். யானைக்கு அது வேண்டாம். தூரத்தை 36-ஆல் (உங்க சென்சாரோட அகலம், மி.மீ.ல) பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்துப் பாருங்க. ஃப்ரேமுக்குள்ள எத்தனை மீட்டர் அகலம் அடங்கும்னு வந்துடும். 60 × 36 ÷ 400 = 5.4 மீட்டர். தும்பிக்கையை முன்னால நீட்டி, வால் பின்னால தொங்க நடக்கிற வளர்ந்த யானை ஒண்ணே கிட்டத்தட்ட 6 மீட்டர் வரும். அப்புறம் குட்டிக்கு ஏது இடம்? அதே இடத்துல இருந்து 250-க்கு இறக்கியிருந்தா 8.6 மீட்டர் அகலம், 5.8 மீட்டர் உயரம் கிடைச்சிருக்கும்.

பாதத்துக்குக் கீழே, பாதத்தோட உயரம் அளவுக்காவது தரை விடுங்க. பாதம் புல்லுக்குள்ள மறைஞ்சிருந்தாலும், அது எங்கே இருக்கும்னு மனசுல வச்சு அதுக்குக் கீழே விடணும். இல்லேன்னா அத்தனை டன் உடம்பும் விளிம்புல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

வெட்டித்தான் ஆகணும்னா தயங்காம வெட்டுங்க. முன்னங்கால்ல நாம முழங்கால்னு சொல்ற மூட்டுக்கு நல்லா மேலே, இல்லேன்னா முழுக் காலும் உள்ளே. மூட்டு மேலேயே வெட்டினாலும், பாதத்துல கொஞ்சம் சீவினாலும் தவறுதலா போனதாத்தான் தெரியும். தும்பிக்கை நுனி மட்டும் எப்பவும் உள்ளே இருக்கணும். யானைக்கு அது கை. புல்லைப் பிடுங்குதா, மோப்பம் பிடிக்குதா, குட்டியைத் தொடுதா, எல்லாம் அந்த நுனியிலதான் இருக்கு.

இன்னொண்ணு: 400, எஃப் 5.6-ல 60 மீட்டர்ல ஏழரை மீட்டர் ஆழம் கூர்மையா இருக்கும். 30 மீட்டர்ல அது 2 மீட்டருக்கும் கீழே போயிடும். யானை நம்மைப் பார்த்து நிற்கும்போது கண் கூர்மையா, நீட்டின தும்பிக்கை மங்கலா வர்றது இதனாலதான். அப்போ எஃப் 8 அல்லது 11 வைங்க.

கிடைக்கோடு:
தொடுவானம் கண் வழியே போனதற்குக் காரணம் நீங்கள் வண்டியில் நின்றதுதான். சமதரையில், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில்தான் தொடுவானம் யானையை வெட்டும். நின்றால் கேமரா 2 மீட்டருக்கு மேல் போய்விடும். வளர்ந்த பெண் யானையின் கண்ணும் ஏறக்குறைய அங்கேதான். உட்கார்ந்து, கதவின் மேல் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் மணிகள் நிரப்பிய பை) வைத்து 1.2 மீட்டருக்கு இறக்கினால் கோடு வயிற்றுக்கு வந்துவிடும். தலையும் முதுகும் வானத்தில் தனித்து எழும். கையதிர்வும் குறையும். எஞ்சினை நிறுத்திவிடுங்கள், ஓடும் எஞ்சினின் அதிர்வு பீன் பேக் வழியாகவும் வரும்.

மரத்துக்கும் கணக்கு இருக்கிறது. யானை 60 மீட்டரில், மரம் 300 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். கேமராவை 1 மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால், மரம் யானையை ஒட்டி 80 சென்டிமீட்டர் நகர்ந்து தெரியும். முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்கு மாறுவதே பெரும்பாலும் போதும்.

ஐந்தாவது காலுக்குப் பொறுமைதான் மருந்து. நடையைக் கவனியுங்கள்: பின்னங்கால் முன்னே வந்து, அதே பக்க முன்னங்காலின் தடத்தருகே ஊன்றும் நொடியில் இரண்டும் ஒட்டி ஒரே தூணாகத் தெரியும். அரைக் காலடி நடந்ததும் நான்கு கால்களும் பிரியும்; வயிற்றுக்கடியில் வெளிச்சம் தெரியும். அப்போது மூன்று நான்கு ஃப்ரேம் மட்டும் தட்டுங்கள். குட்டி, தாயின் தும்பிக்கைக்கும் முன்னங்காலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வரும்போது அதன் உருவம் முழுதாகக் கிடைக்கும். தாயின் காலுக்குப் பின்னால் இருக்கும்போது எத்தனை எடுத்தாலும் அரைக்குட்டிதான். சூரியனை எதிரே வைத்து நிழலுருவம் எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். தும்பிக்கை காலோடு ஒட்டினால் அது யானை என்பதே தெரியாமல் போகும்.

1/320 மெதுவாக நடக்கும் யானைக்குப் போதும். குட்டியின் ஆடும் தும்பிக்கைக்குப் போதாது. 1/640 வையுங்கள். மண் வாரி இறைக்கும்போது 1/1250.

இருட்டறை:
இருக்கிற படத்துக்கு வருவோம். முழு யானை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், அது காப்பாற்ற முடியாது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாலும் வெறுமையாக இருக்கும். தாயின் தலை, தும்பிக்கை, குட்டியின் முதுகு மூன்றையும் சேர்த்து 4:5 நெட்டுவாக்கில் வெட்டிப் பாருங்கள். 2800 × 3500 பிக்சல் கிடைத்தாலும் 240 பி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 240 பிக்சல்) ஏறக்குறைய 12 × 15 அங்குல அச்சுக்கு வரும். வாலும் ஐந்தாவது காலும் தானாக வெளியே போய்விடும். கீழ் விளிம்பு, தூரப்பார்வை சொன்ன மூட்டுக்கு மேலே இருக்கட்டும்.

அந்தக் காலை மென்பொருளால் அழிக்காதீர்கள். காட்டுயிர்ப் படப் போட்டிகள் பெரும்பாலும் ஒன்றைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை. போட்டிக்கு அனுப்பாவிட்டாலும் அது அங்கே நடக்காத ஒன்று.

மரத்தை வெட்ட முடியாது, அடக்கலாம்: மென்பொருளில் மரத்தை மட்டும் மாஸ்க் செய்து (தனியாகத் தேர்ந்தெடுத்து) கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, இலை இடுக்கில் மின்னும் வான வெளிச்சத்தை இறக்குங்கள். யானையின் கண் சிறியது, சுருக்கங்களுக்குள் புதைந்தது. அங்கே மட்டும் வெளிச்சத்தை 0.3 முதல் 0.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) ஏற்றினால் உயிர் வரும். அதற்கு மேல் கண்ணாடிக் கண்ணாகிவிடும். கிளாரிட்டியை (நுணுக்கங்களை அழுத்தமாகக் காட்டும் அமைப்பு) அள்ளிப் போட்டால் தோல் காய்ந்த சேறாக வெடித்துத் தெரியும். நிழலில் தோல் நீலம் பாயும், அதைச் சரிசெய்யலாம். ஆனால் பூசியிருக்கும் செம்மண்ணைச் சாம்பலாக்கிவிடாதீர்கள். அந்த நிறம் யானை எந்த மண்ணில் வாழ்கிறது என்று சொல்கிறது.

களத்தில் ஒன்று: குளித்து வந்த யானை ஏறக்குறைய கறுப்பு. அது ஃப்ரேமில் பாதிக்கு மேல் இருந்தால் கேமரா வெளுக்க வைக்கும், எக்ஸ்போஷர் திருத்தத்தை −0.7 ஸ்டாப் வையுங்கள். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் நேர் எதிர், +0.7 முதல் +1.

புல்நுனி:
நன்றி. 4:5 க்ராப் வேலை செய்கிறது. குட்டியின் முதுகில் தாயின் தும்பிக்கை தொடுவது இப்போதுதான் கண்ணில் படுகிறது. ஒரு சந்தேகம்: காது விரித்து நேராகப் பார்க்கும் படத்துக்கு எங்கே நிற்க வேண்டும்?

தடம்:
அந்தப் படத்தைத் தேடிப் போகாதீங்க. காது விறைச்சு விரிஞ்சு, தலை நிமிர்ந்து, மேய்ச்சல் சட்டுனு நின்னா அது எச்சரிக்கை. "இதுக்கு மேல வராதே"ன்னு அர்த்தம். குட்டியோட இருக்கிற தாய்க்கும், கன்னத்துல மதநீர் வழியுற ஆணுக்கும் இன்னும் கூடுதல் தூரம் விடணும். கேமராவை இறக்கிட்டு, வந்த வழியில மெதுவா விலகுங்க. யானை போகிற பாதையை வண்டியால மறிக்கவே கூடாது. சத்தம் போட்டுத் திரும்பிப் பார்க்க வைக்கிறதும் கூடாது.

விரிஞ்ச காது வேணும்னா வெயில் நேரத்துல நிழல்ல ஓய்வெடுக்கிற யானையைப் பாருங்க. சூட்டைத் தணிக்கக் காதை ஒரே தாளத்துல வீசும்; வீச்சோட முன் எல்லையில ஒரு கணம் முழுசா விரியும். 1/800 போதும். பின்னால இருந்து வெளிச்சம் வந்தா காதோட ரத்தக்குழாய் வலைப்பின்னல்கூடத் தெரியும். அந்த நேரத்துல திறந்த தரையில 100 மீட்டர் தாண்டி எடுத்தா கானல் படத்தைக் குழப்பிடும், கிட்டத்துல நிழல்ல இருக்கிறதை மட்டும் எடுங்க.

கொம்பன் படத்தைப் பகிரும்போது கோப்புல இருக்கிற ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிடுங்க. தந்தத்துக்காக இடம் தேடுறவங்களுக்கு அது ஒண்ணே போதும்.