புதுப்பிப்பு: நான்கு வீட்டுக் கட்டடத்தின் கணக்கை மறுபடி போட்டேன்

நான்கு வாடகை வீடுகள் உள்ள ஒரு கட்டடம், மொத்த வாடகை 100 என்றால் கடன் தவணை 70 போக 30 மிஞ்சுகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். காலி மாதங்களைச் சேர்த்தாயா என்று பலர் கேட்டீர்கள். சேர்க்கவில்லை.

சரி, மறுபடி உட்கார்ந்தேன். ஒரே ஒரு வீடு வருடத்தில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால், 48 மாத வாடகையில் 2 போச்சு, நூற்றுக்கு 4. வரி, காப்பீடு, பொது மின்சாரம் எல்லாம் சேர்த்து 15. பழுதுக்கு 8 ஒதுக்கினேன். மிச்சம் 3.

அப்புறம்தான் வாடகை ஒப்பந்தங்களை வாங்கிப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். விற்பவர் சொன்னது வரக்கூடிய வாடகையாம், வருகிற வாடகை இல்லை! இரண்டு பேர் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். உண்மையில் வருவது 94. ஆக, மாதாமாதம் நான் கையிலிருந்து 3 போட வேண்டும், அதுவும் மேல்தளம் ஒழுகாத வரை.

விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறேன். தவணை 60க்கு இறங்கினால் வாங்குவேன். இன்னும் பதில் வரவில்லை.