காஸ் வந்துவிட்டது

குழு: பொகவந்தலாவைக் குடும்பம்

ஞாயிறு, காலை 7:12

நான்: எல்லாருக்கும் வணக்கம். காஸ் வந்துவிட்டது!!

பெரியப்பா: எந்தக் கடையில்? எங்கள் வீட்டு சிலிண்டரும் முடியப் போகிறது.

நான்: ஐயோ, அந்தக் காஸ் இல்லை பெரியப்பா. இங்கிலாந்தில் லீட்ஸில் இடம் உறுதி என்று யூனிவர்சிட்டி தருகிற நம்பர். அது இருந்தால்தான் விசாவுக்குப் போடலாம்.

பெரியப்பா: சந்தோசம் தாயி. கடையில் வந்தாலும் சொல்.

சித்தி: என் தங்கமே! அத்தனை குளிரை எப்படித் தாங்குவாய்?

தம்பி: நுவரெலியாவில் ஹாஸ்டலில் இருந்தவள் சித்தி அவள்.

லண்டன் அக்கா: வாழ்த்து எல்லாம் அப்புறம். விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் யார் கணக்கில் இருக்கிறது?

பெரிய மாமா: என் கணக்கில். கடிதம் எழுதித் தருகிறேன். கடைப் பதிவுப் பத்திரமும் தருகிறேன்.

லண்டன் அக்கா: மாமா, கடையையே எழுதிக் கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். அவள் சொந்தக் கணக்கு, இல்லாவிட்டால் அம்மா அப்பா கணக்கு. தாய்மாமனுக்கு அங்கே இடம் இல்லை.

பெரிய மாமா: இவளை மடியில் வைத்துக் காது குத்தியதே நான்தான்.

லண்டன் அக்கா: அதை வெள்ளைக்காரனிடம் சொல்லிப் பாருங்கள்.

பெரிய மாமா: சரி, மச்சான் கணக்கில் போட்டுவிடுகிறேன். காட்டுவதற்கு இல்லை, பீஸுக்கே கொடுக்கிற காசு.

லண்டன் அக்கா: அப்படியானால் நல்லது, எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும் பதில் இருக்கிறது. போட்ட நாளில் இருந்து 28 நாள். ஒரு நாள்கூடத் தேவையான தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த 28 நாள் முடிந்து 31 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். மீதிப் பீஸும் 9 மாதச் செலவும் காட்ட வேண்டும், லண்டன் நகரம் இல்லாததால் செலவுத் தொகை கொஞ்சம் குறைவு. ரூபாய் விழுந்தால் பவுண்டில் குறையும். அதனால் 2 லட்சமாவது மேலே இருக்கட்டும்.

தம்பி: ஹட்டனில் ஒரு ஏஜென்ட் 28 நாளுக்குப் பணம் காட்டித் தருகிறாராம். வட்டி மட்டும் போதுமாம்.

லண்டன் அக்கா: பேசாமல் இரு. பொய்ப் பத்திரம் பிடிபட்டால் 10 வருடத்துக்கு அந்தப் பக்கம் தலை வைக்க முடியாது.

அம்மா: (குரல் செய்தி 0:41)

நான்: அக்கா, என் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. தேயிலைத் தோட்டத்து எழுத்தர், அந்தக் கிராணி எழுதிக் கொடுத்தது. அதைத்தான் அம்மா கேட்கிறார்.

லண்டன் அக்கா: அதை உடனே பார். அப்பா கணக்கைக் காட்டினால் பிறப்புப் பத்திரமும், காசை நீ எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதிய கடிதமும் வேண்டும். பெயர் ஒத்துவராவிட்டால் இவர்தான் அப்பா என்று எப்படி நம்புவார்கள்? இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று சத்தியக்கடதாசி முடி. பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடு.

பெரியப்பா: தோட்டத்தில் பாதிப் பேருக்கு இதே கதை. வேலைக்காலச் சேமிப்பான சேமலாப நிதி எடுக்கப் போய், நான்தான் நான் என்று காட்டவே எனக்கு ஒன்றரை வருடம் போனது.

வியாழன், மாலை 6:40

நான்: காசநோய்ப் பரிசோதனை முடிந்தது. கொழும்பில் ஐஓஎம் என்கிற சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பில் நெஞ்சு எக்ஸ்ரே. கினிகத்தேனை வளைவுகளில் பட்ட பாடுதான் பெரிது.

சித்தி: உனக்கு இருமலே இல்லையே?

லண்டன் அக்கா: இருமல் வேண்டியதில்லை சித்தி. இலங்கையில் இருந்து 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் எல்லாரும் எடுக்க வேண்டும். சான்றிதழும் 6 மாதம்தான் செல்லும்.

நான்: விசாவோடு கட்டுகிற மருத்துவக் கட்டணம் 776 பவுண்ட் என்றார்களே, 1,164 காட்டுகிறது. தவறா?

லண்டன் அக்கா: சரிதான். 776 ஒரு வருடத்துக்கு. படிப்பு 12 மாதம் என்றாலும், முன்னும் பின்னும் சேர்த்து விசா 16, 17 மாதம் வரும். மிச்ச மாதங்கள் ஆறுக்குள் என்பதால் பாதி, 388. விசா மறுத்தால் இது திரும்பி வரும். விசாக் கட்டணம் வராது.

பெரியப்பா: மறுத்தால் என்ற பேச்சே வேண்டாம்.

சனி, காலை 10:05

அப்பா: எல்லாருக்கும் வணக்கம். தேர்த் திருவிழா வரிப்பணம் 25,000 கட்டிவிட்டேன். பற்றுச்சீட்டு வீட்டில் இருக்கிறது.

லண்டன் அக்கா: சித்தப்பா, எங்கிருந்து எடுத்தீர்கள்?

அப்பா: பேங்கில்தான். கூரைத் தகரத்துக்கும் 2 லட்சம் முற்பணம் கொடுத்தேன். இந்த மழைக்கு அடுப்படி ஒழுகுகிறது.

பெரிய மாமா: மச்சான்!!!!

தம்பி: இன்றைக்கு 19ஆம் நாள்.

லண்டன் அக்கா: மேலே இருந்ததே 2 லட்சம். தகரத்தோடு நிறுத்தியிருந்தால் மயிரிழையில் தப்பியிருக்கலாம். சாமி கவிழ்த்துவிட்டது.

நான்: திரும்பப் போட்டால்?

லண்டன் அக்கா: போட்ட நாள்தான் இனி முதல் நாள். அழாதே. இப்போதுதான் ஜூன். படிப்பு செப்டம்பர் கடைசியில். ஜூலையில் போட்டாலும் சாதாரணமாக 3 வாரத்தில் முடிவு வரும்.

அப்பா: 2 லட்சம் மேலே இருக்கட்டும் என்றால், அது எடுக்கிற காசு என்று நினைத்துவிட்டேன் மகள். கோவில் காசைத் திருப்பிக் கேட்க முடியாது. தகரக்காரரிடம் போகிறேன்.

மதியம் 12:20

அப்பா: தந்துவிட்டார். பேங்க் மூடுவதற்குள் போட்டாயிற்று.

லண்டன் அக்கா: நல்லது. இப்போது புத்தகமும் கார்டும் யாரிடம்?

அம்மா: (குரல் செய்தி 0:06)

நான்: அரிசி டின்னுக்குள் இருக்கிறதாம். எந்த டின் என்று குழுவில் சொல்ல மாட்டாராம்.