நாலு ரூம் சும்மா கிடக்கு, மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லையாம்

நிலாவெளிக்காத்து:
வணக்கம். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல ரிசெப்ஷன்ல 3 வருசமா நிக்கிறன். சீசனுக்கு மூச்சுவிட நேரமில்ல, அது பரவாயில்ல. போன கிழமை ராத்திரி 11 மணிக்கு கைக்குழந்தையோட ஒரு குடும்பம், ஏசித் தண்ணி கட்டில்ல சொட்டுது எண்டு வந்து நிக்குது. நாலு ரூம் சும்மா கிடக்கு, ஆனா மாத்துறதெண்டா கொழும்பில இருக்கிற மனேஜர் ஓம் சொல்லவேணும், அவர்ட போன் ஓஃப். கடைசியில கட்டிலை இழுத்துப்போட்டு ஒழுகிற இடத்தில வாளி வைச்சதுதான் நான் செய்தது. காலமை அவங்கள் போட்ட ரிவியூவில என்ர பேர் கிடக்கு.

இன்னொண்டு, காத்து கூடினதால புறாத்தீவுக்கு போட் போகாது எண்டதை டூர் பாக்கிறவருக்கு மட்டும் முதல்நாளே சொல்லியிருக்கிறாங்கள். லைஃப் ஜாக்கெட்டோட நிண்ட வெள்ளைக்காரருக்கு முன்னால நான் முழுசினதுதான் மிச்சம். முந்தி ஓடி ஓடிச் செய்த நான் இப்ப எதுக்கும் "கேட்டுச் சொல்லுறன்" எண்டுபோட்டு இருக்கிறன். என்ர பிழையா இது?

கிண்ணியாக்காரன்:
தம்பி, உங்கட பிழை இல்ல. எங்கட ஒபிஸ்லயும் இதான், வாட்ஸ்அப் குரூப்ல குட்மோர்னிங் படம் 40 வரும், லீவு மாத்தின விசயம் மட்டும் வராது. மறுகா ஏன் தெரியல்ல எண்டு ஏச்சு வேற.

படிச்சது_எச்ஆர்:
இது புதுசில்ல. வேலையால வாற மன அழுத்தத்தை ஆராய்ஞ்ச ரொபர்ட் கராசெக் எண்டவர் 1979லயே எழுதினது, வேலைச்சுமை கூடி, முடிவெடுக்கிற உரிமை குறைஞ்சா ஆள் களைச்சுப் போயிடும் எண்டு. சுமை கூடினாலும் உரிமையும் கூட இருந்தா ஆள் பழகி முன்னேறும். நீங்க சொல்லுற "கேட்டுச் சொல்லுறன்" சோம்பல் இல்ல, அது அங்க பழக்கினது. உங்கட தொழில்லயே பாருங்க, ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல்ல ஒரு விருந்தாளின்ர பிரச்சினையைத் தீர்க்க, மேல கேக்காம 2000 டொலர் வரைக்கும் செலவழிக்க சாதாரண ஸ்டாஃபுக்கே அனுமதி. உங்களுக்கு ஒரு சாவி மாத்த ஏலாது!

உப்புவெளி_அக்கா:
நான் மற்றப் பக்கத்தால சொல்லுறன், கோவிக்காதீங்க. சின்ன கெஸ்ட்ஹவுஸ் ஒண்டு வைச்சிருக்கிறன். ஒரு பொடியன் கூட்டாளிமாருக்கெல்லாம் டிஸ்கவுண்ட் குடுத்து சீசன் முடியக் கணக்கு இடிச்சுது, அதில பயந்து எல்லாத்தையும் என்ர கையில எடுத்தன். அதுவும் சரிவரேல்ல. கோணேஸ்வரம் கோயிலுக்கு வந்த 22 பேர் மரக்கறி எண்டு எனக்குத் தெரியும், குசினிக்குச் சொல்ல மறந்துபோனன், அங்க பாரை மீன் வெட்டி உப்புத்தூள் பிரட்டி வைச்சாச்சு. அதுக்குப் பிறகு ஒரு தாளில எழுதி ஒட்டினன்: ரூம் மாத்தலாம், பில்லில 10 வீதம் குறைக்கலாம், அதுக்கு மேலெண்டா எனக்குக் கோல். காலமை ஆறரைக்கு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே எல்லாரும் 10 நிமிசம் நிண்டு கதைக்கிறது. இப்ப போன் அடிக்கிறது பாதியாக் குறைஞ்சிட்டு.

நிலாவெளிக்காத்து:
அக்கா அந்தத் தாள் ஐடியா நல்லம், மனேஜருக்கு அனுப்பிப் பாக்கப்போறன். ஆனா அவர் அதிகாரம் கேக்கிறான் எண்டு நினைப்பாரோ தெரியேல்ல.

உப்புவெளி_அக்கா:
அதிகாரம் எண்ட சொல்லே போடாதீங்க. அந்த ராத்திரி நடந்ததையும் ரிவியூவையும் போட்டு, இப்பிடி வந்தா நான் என்ன செய்யவேணும் எண்டு கேளுங்க. குரூப்ல இல்ல, மெயில்ல.

கிண்ணியாக்காரன்:
வாளிட போட்டோ இருந்தா அதையும் போடுங்க தம்பி 😄