தண்ணீர் ஏறுகிறதா, சுஸ்தர்?

மருத்துவக் கப்பலில் தன்னார்வச் செவிலியாகப் போய் வந்தவர்கள் யாராவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் 2005-இல் போனேன். அமெரிக்கக் கடற்படையின் மெர்சி கப்பல். நங்கூரம் போட்டது இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே கரைக்கு அப்பால். சுனாமி வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மெர்சி என்றதும் இன்றைக்கும் எனக்கு முதலில் ஒரு பாட்டியின் முகம்தான் வரும். அவரைப் பற்றிச் சொல்லும் முன் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் படுத்திருந்த இடம் உங்களுக்குப் புரியாது.

மெர்சி முதலில் எண்ணெய்க் கப்பல். அதை மாற்றிக் கட்டி 1986-இல் மருத்துவமனையாக்கினார்கள். 272 மீட்டர் நீளம், 1000 படுக்கை, 12 ஆபரேஷன் தியேட்டர். உடம்பு முழுக்க வெள்ளை, பக்கவாட்டில் பெரிய சிவப்புச் சிலுவைகள். எண்ணெய்க் கப்பலின் இரும்புத் தடுப்புச் சுவர்கள் அப்படியே இருப்பதால் கீழ்த்தளங்களில் இங்கிருந்து பக்கத்துப் பகுதிக்கு நேராக நடக்க முடியாது. மேலே ஏறி, தாண்டி, மறுபடி இறங்க வேண்டும். முதல் வாரம் முழுக்க வழி கேட்டுக் கேட்டுத்தான் டியூட்டிக்குப் போனேன். வார்டில் ஜன்னல் கிடையாது. பல படுக்கைகள் ரயிலில் இருப்பதுபோல் ஒன்றின்மேல் ஒன்று.

கப்பலை ஓட்டுகிறவர்கள் சிவிலியன் மாலுமிகள். மருத்துவமனையை நடத்துவது கடற்படை. என்னைப் போன்ற வெளிச் செவிலியர்கள் ப்ராஜெக்ட் ஹோப் என்ற தொண்டு அமைப்பு வழியாக ஏறினோம். அந்த அமைப்பு தன் மருத்துவக் கப்பலை 1960-இல் முதன்முதலாக அனுப்பியதும் இந்தோனேசியாவுக்குத்தான். எங்களுக்குச் சீருடை இல்லை, ஆனால் மஸ்டர் (எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவது) உண்டு, பாதுகாப்புப் பயிற்சி உண்டு. தூங்குவதற்கு மூன்றடுக்குப் படுக்கை, மறைக்க ஒரு திரை. பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடிந்து அந்தத் திரையை இழுத்துக்கொண்டால் அதுவே போதுமான வீடாக இருந்தது.

ரத்தமும் காயமுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. அந்தக் கட்டத்தைக் கரையில் இருந்தவர்கள் ஏற்கெனவே தாண்டியிருந்தார்கள். எங்களிடம் வந்தவர்கள் ஆறாத புண்ணோடு வந்தார்கள், கூடாத எலும்போடு வந்தார்கள். சேறும் உப்புநீரும் நெஞ்சுக்குள் போய் நிமோனியா ஆனவர்கள் வந்தார்கள். அதற்குச் 'சுனாமி நுரையீரல்' என்றே பெயர் வைத்திருந்தோம். அப்புறம் சுனாமிக்கு முன்பே இருந்த நோய்கள்: கழுத்துக் கழலை, குடலிறக்கம், கண்புரை. பல வருடமாகச் சுமந்துகொண்டிருந்ததை இப்போதுதான் ஒருவரிடம் காட்ட முடிந்தது அவர்களுக்கு.

நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொண்டுவருவார்கள். பாட்டி வந்ததும் அப்படித்தான். வலது தொடை எலும்பு முறிந்து, சரியாகக் கூடாமல் வளைந்திருந்தது. கூட ஒரு பேரன், பதினைந்து வயது இருக்கும். வீட்டில் மிஞ்சியது அவர்கள் இரண்டு பேர். மொழிபெயர்ப்பாளர் ஏதோ கேட்க, அவர் சொன்ன பதிலில் 'கப்பால்' என்று ஒரு சொல் காதில் விழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கப்பலுக்கு அவர்கள் மொழியிலும் அதே பெயர்தான்; நம் சொல் அங்கே போய்க் குடியேறி எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. "எங்கள் மொழியிலும் கப்பல்தான், நெனெக்" என்றேன். நெனெக் என்றால் பாட்டி. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கால் அப்படி இருந்ததால் கீழ்ப் படுக்கைதான் கொடுக்க முடியும். அவர் மேல் படுக்கையைக் காட்டி அங்கே விடச் சொன்னார். ஏறவே முடியாது என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. ராத்திரி விளக்கைக் குறைத்த பிறகு கட்டில் கம்பியைப் பிடித்தபடி கண் திறந்தே கிடந்தார். கப்பலின் இரும்பு எங்கேயாவது முனகினால் போதும், "ஆயிர் நாயிக், சுஸ்தர்?" என்பார். தண்ணீர் ஏறுகிறதா, நர்ஸ்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கடல் இவர் வீட்டை எடுத்துக்கொண்டதோ, அதே கடலின் மேல் இவரைக் கிடத்தி, தூங்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லை.

தூக்கத்துக்கு டாக்டர் மருந்து எழுதினார். கொடுத்தேன், அரை மணி நேரம்தான் கேட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வெளியே வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, அவர் கண்ணில் படுகிற மாதிரி லாக்கர் மேல் வைத்தேன். கடல் ஆடினால் கப்பல் ஆடும், கப்பல் ஆடினால் இது ஆடும், இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்குத் தெரிந்த இருபது சொல்லில் சொன்னேன். மீதியைப் பேரன் சொன்னான். டம்ளரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விடிகிற சமயத்தில் கை கம்பியை விட்டிருந்தது.

அடுத்த சில நாட்கள் ஆபரேஷன், வலி, இருமச் சொல்வது, மூச்சை இழுக்கச் சொல்வது என்று போயின. 'தாரிக் நாப்பாஸ்' என்று ஒரு நாளைக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பேன். ஒரு காலை நான் டியூட்டிக்கு வந்ததும் பாட்டி விரலை நீட்டினார். ஏசி காற்றில் தண்ணீர் வற்றி, பிளாஸ்திரிக்கு ஒரு விரல் கீழே போயிருந்தது. "ஆயிர் துருன்" என்றார். தண்ணீர் இறங்கிவிட்டது. ஆவியாகிப் போன கதையை நான் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கப்பலுக்குக் கிளம்பும் தேதி உண்டு. எந்த ஆபரேஷனை எடுப்பது, எதை விடுவது என்பதை நோய் மட்டும் முடிவு செய்வதில்லை; அந்தத் தேதிக்குள் ஆறுமா என்பதும் முடிவு செய்கிறது. எங்களுக்குச் செய்யத் தெரிந்த ஒன்றை, பிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதற்காக ஒருவருக்கு இல்லை என்று சொன்னோம். சொன்ன டாக்டருக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அந்த இளைஞன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

நான் இறங்கிய பிறகு, மார்ச் 28 அன்று நியாஸ் தீவில் நிலநடுக்கம் வந்தது. மெர்சியை அங்கேயும் அனுப்பினார்கள் என்று கேட்டபோது என் படுக்கைத் திரைதான் ஞாபகம் வந்தது. திரும்பப் போக மனம் அடித்துக்கொண்டது.

* * *

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் 2010-இல் ஹெய்ட்டிக்குப் போன கம்ஃபர்ட் என்ற மருத்துவக் கப்பலில் இருந்தேன். ஜனவரி 12 நிலநடுக்கம், 20-ஆம் தேதி கப்பல் போய்ச் சேர்ந்தது. நான் பிறகு ஏறியவன். உங்களுக்கு நேர் எதிராக நடந்தது எனக்கு. எங்கள் நோயாளிகளுக்குத் தண்ணீர் பயமில்லை, கூரைதான் பயம். கரையில் உடைப்பு இல்லாத வீடு இருந்தவர்கள்கூட வெளியில் தார்ப்பாயின் கீழ் படுத்தார்கள். கீழ்ப் படுக்கையில் ஒருவரைக் கிடத்தினோம், தாடை எலும்பு முறிந்தவர். முகத்துக்கு மேலே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மேல் படுக்கையின் அடிப்பக்கம். வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச முடியாது. ஒரு தாளில் 'பெத்தோன்' என்று எழுதிக் காட்டினார். கான்கிரீட். வியர்த்து நனைந்திருந்தார். கை கால் நன்றாக இருந்ததால் மேலே மாற்றினோம், அன்று தூங்கினார். வாயில் கம்பி போட்டவரை மேலே விடுகிறோமே, வாந்தி வந்தால் என்ன செய்வது என்று நான் ராத்திரி முழுக்க கம்பி வெட்டும் கத்தரியோடு பக்கத்திலேயே நின்றேன்.

ஒன்று கேட்கிறேன் அக்கா. கப்பல் கிளம்பிய பிறகு உங்கள் பாட்டியின் காலை யார் பார்த்தார்கள்? எங்கள் ஆட்களில் நிறையப் பேர் எலும்புக்கு வெளியே கம்பி வைத்தபடியே இறங்கினார்கள். நான் அதை நினைக்காத நாள் இல்லை.

* * *

தம்பி, நீங்கள் அந்தக் கத்தரியோடு நின்றதைப் படித்ததும் என் கண் கலங்கிவிட்டது.

பாட்டியைக் கரையில் இருந்த மருத்துவமனையில் சேர்த்தோம். நானும் அன்று கூடப் போயிருந்தேன். சேறு புகுந்த கட்டடம், கழுவி ஒரு பகுதியைத் திறந்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் சுனாமியோடு போய்விட்டார்கள். எங்களை வரவேற்ற செவிலியும் வீட்டில் ஆட்களைப் பறிகொடுத்தவர் என்று பேரன் மெதுவாகச் சொன்னான். காலுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் மொழியிலேயே ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். அந்தச் செவிலி அதை நின்றபடியே படித்தார், சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தார், இரண்டு இடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தினார். தையல் பிரிக்கிற தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு கை கழுவிவிட்டு வந்து என் எதிரிலேயே பாட்டியின் கட்டைப் பிரித்தார். நான் டார்ச் பிடித்தேன்.